வண்டியை உயர்த்துமுன்



காஜாங்கிலிருந்து செமினிக்கு வருகிறவர்களுக்கு அவ்வூரின் இரண்டு முகங்களும் தெரியும். ஒரு காலத்தில் ரப்பரும் பிறகு செம்பனையும் நின்ற நிலத்தில் இன்று தாமான்கள் வரிசையாக எழுந்துவிட்டன. ஆனால் பிரோகா பக்கமோ சுங்கை லாலாங் பக்கமோ தார்ச்சாலையை விட்டுச் சற்றே இறங்கினால், பழைய செம்மண் பாதை இன்னமும் இருக்கிறது. மாலையில் ஒரு மழை பெய்தால் போதும். அந்தப் பாதை வெண்ணெயாக வழுக்கும். அங்கே வாழைத் தோட்டமோ காய்கறிக் கொல்லையோ வைத்திருப்பவர்களுக்கு நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டி ஆடம்பரமன்று, பிழைப்புக்கான கருவியாகும்.

அத்தகைய இளைஞர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் நம்மைத் தேடி வந்தார். பழைய ஹைலக்ஸ் வண்டி ஒன்று வாங்கியிருந்தார். கையில் மூவாயிரம் வெள்ளி சேர்த்து வைத்திருந்தார். "அண்ணே, வண்டியை நாலு அங்குலம் தூக்கணும். எந்த சாமான் வாங்கலாம்? மலிவா இருக்கணும், ஆனா காட்டுக்குள்ள நிக்கக் கூடாது" என்று கேட்டார். அவருக்கு நாம் சொன்னவற்றைத்தான் இன்று உங்களோடும் பகிர்ந்துகொள்ளப் போகிறோம். ஏனென்றால், இந்தக் கேள்வி அவர் ஒருவருடைய கேள்வியன்று. 1997ஆம் ஆண்டு நம் நாட்டில் 'ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச்' என்னும் மழைக்காட்டு வண்டிப் போட்டி தொடங்கியது. அன்று முதல் சேற்றில் நீந்தி வரும் உயரமான வண்டிகளின் படங்களைப் பார்த்து, நம் பிள்ளைகள் பலர் தாங்களும் அப்படி ஒன்றைச் செய்துகொள்ள ஆசைப்படுகிறார்கள். ஆசையில் தவறில்லை. ஆனால் போட்டி வண்டி லோரியில் ஏறிக் காட்டுக்குப் போகிறது. நம் வண்டியோ வாழைத்தாரையும் ஏற்றுகிறது, அம்மாவையும் ஏற்றுகிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

முதலில், சஸ்பென்ஷன் என்பது என்ன? சக்கரத்துக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே இருக்கும் தாங்கு அமைப்பு அது. மாட்டு வண்டியில் ஸ்பிரிங் கிடையாது; அச்சின் மேல் நேராகப் பாரம் அமர்கிறது. ஆகவே, பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் வண்டி முழுவதும் இறங்கும். மோட்டார் வண்டியில் சக்கரம் தனியே ஏறி இறங்க, உடல் ஓரளவு அசையாமல் நிற்கிறது. இதற்கு இரண்டு உறுப்புகள் வேண்டும். பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் ஓயாமல் ஆடாதபடி அடக்குவது அப்சார்பர். உயரத்தைத் தருவது ஸ்பிரிங்தான், அப்சார்பர் அன்று. இதைத் தெரிந்துகொள்ளாமல் புதிய அப்சார்பரை மட்டும் மாட்டிவிட்டு, வண்டி ஏன் உயரவில்லை என்று கேட்பவர்கள் உண்டு.

ஸ்பிரிங்குகளில் நாம் பார்ப்பவை மூன்று வகை. ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகள் முதல் வகை. இதைப் பட்டை ஸ்பிரிங் என்போம். 1948இல் வெளிவந்த முதல் லேண்ட்ரோவரில் நான்கு சக்கரங்களுக்கும் இதுவே. இரண்டாவது சுருள் ஸ்பிரிங். 1970இல் வந்த ரேஞ்ச்ரோவர் முன்னும் பின்னும் சுருள் ஸ்பிரிங்கோடு வந்து, கரடுமுரடான வண்டியிலும் சுகமாக அமர்ந்து போகலாம் என்று காட்டியது. மூன்றாவது முறுக்குக் கம்பி, அதாவது டோர்ஷன் பார். நீண்ட எஃகுத் தண்டு ஒன்று முறுகுவதால் கிடைக்கும் விசையே இங்கே ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. 2005க்கு முந்திய ஹைலக்ஸ் பலவற்றில் முன்பக்கம் இந்தக் கம்பியும், பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்கும் இருக்கும். 2005 முதல் வந்த வடிவத்தில் முன்பக்கம் சுருளுக்கு மாறியது. 1998இல் அறிமுகமான சுசுகி ஜிம்னியில் நான்கும் சுருள்தாம். உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று கீழே குனிந்து பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். கடைக்குப் போவது அதற்குப் பிறகுதான்.

இனி நாம் பேச வேண்டிய முக்கியமான செய்தி ஒன்று உண்டு. வண்டியின் உயரம் வேறு. தரைக்கும் வண்டியின் தாழ்ந்த பகுதிக்கும் உள்ள இடைவெளி வேறு. பின் அச்சின் நடுவில் பூசணிக்காய்போல ஒரு பகுதி இருக்கிறதல்லவா? கல்லிலும் மரவேரிலும் முதலில் தட்டுவது அதுதான். அந்த அச்சு சக்கரத்தோடு இணைந்தது. நீங்கள் ஸ்பிரிங்கை மாற்றி நான்கு அங்குலம் தூக்கினாலும், தூக்கப்படுவது அச்சுக்கு மேலே உள்ள உடல்தான். அந்தப் பூசணிக்காய் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த எளிய வழி பெரிய டயர். அதிலும் டயரின் குறுக்களவு எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதிதான் அச்சு உயரும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 235/75 ஆர் 15 என்னும் டயரின் குறுக்களவு ஏறத்தாழ 733 மில்லிமீட்டர். அதற்குப் பதில் 31 அங்குல டயர் போட்டால் அது 787 மில்லிமீட்டர். வேறுபாடு 54 மில்லிமீட்டர். அச்சு உயர்வதோ 27 மில்லிமீட்டர்தான். வேகமானியில் முள் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 107 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

அப்படியானால் ஸ்பிரிங்கை உயர்த்துவதில் பயனே இல்லையா? உண்டு. மேட்டில் ஏறத் தொடங்கும்போது முன்பம்பர் தட்டாது. மேட்டின் முகட்டில் வயிற்றுப்பகுதி உட்காராது. பெரிய டயர் மட்காட்டில் உரசாமல் சுழல இடம் கிடைக்கும். இவை மூன்றுக்கும் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் போதுமானது. அதற்கு மேலே போகும் ஒவ்வோர் அங்குலமும் வேறு பல உறுப்புகளை மாற்றச் சொல்லும்.

உயர்த்தும் வழிகளை இப்போது ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முன்பக்கம் முறுக்குக் கம்பி உள்ள வண்டியில், ஒரு போல்ட்டைத் திருகினாலே வண்டி உயரும். சாமான் செலவே இல்லை. இதுதான் மிக மலிவான வழி, ஆகவேதான் ஆபத்தானதும்கூட. கம்பியைத் திருகுவதால் அதன் வலிமை கூடுவதில்லை. சக்கரம் கீழே இறங்குவதற்கு இருந்த இடத்தைத்தான் நாம் எடுத்துக்கொள்கிறோம். அளவு மீறினால், ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் முழுவதும் தொங்கி 'டக்'கென்று இடிக்கும். சக்கரத்துக்கு விசை கொண்டு செல்லும் முன் தண்டுகள் கோணலாக வளைந்து, அவற்றின் ரப்பர் உறை கிழிந்து, மூட்டு தேயும். ஓர் அங்குல அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

முன்பக்கம் சுருள் உள்ள வண்டியில், சுருள் அமைப்பின் தலைக்கு மேல் ஒரு சில்லு வைத்து உயர்த்துகிறார்கள். ஓர் அங்குலச் சில்லு சக்கரத்தில் ஏறத்தாழ இரண்டு அங்குலம் வரை உயர்வைத் தரக்கூடும். நெம்புகோல்போல் அமைந்த கைகள் அங்கே இருப்பதே காரணம். ஆதலால் சில்லின் தடிப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். பணம் இருந்தால் சில்லைவிடச் சரியான அளவுள்ள புதிய சுருளே மேல். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அழுத்தப்பட்ட சுருளுக்குள் ஆளைக் கொல்லும் விசை அடங்கியிருக்கிறது. அதை வீட்டு முற்றத்தில் ஜாக்கி வைத்துக் கழற்றும் வேலை வேண்டவே வேண்டாம். அதற்குரிய கருவி உள்ள பட்டறையில் கொடுங்கள்.

பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்குக்கு வழிகள் பல. பட்டைகளின் நுனியைத் தாங்கும் ஷேக்கிளை நீளமாக்கலாம். இரண்டு அங்குலம் நீளமாக்கினால் வண்டி ஓர் அங்குலம்தான் உயரும். அச்சும் சற்றே முகம் திரும்பிவிடும். அச்சுக்கும் பட்டைக்கும் இடையே இரும்புக் கட்டை வைக்கலாம். பின்பக்கம் ஒரே ஒரு கட்டை, அதற்குரிய நீளமுள்ள புதிய யூ போல்ட்டுகளோடு வைத்தால் ஓரளவு தாங்கும். ஆனால் கட்டையின் மேல் கட்டை அடுக்குவதும், முன் அச்சில் கட்டை வைப்பதும் செய்யவே கூடாதவை. பிரேக் பிடிக்கும்போது அச்சு திமிறும். கட்டை நழுவினால் அச்சே இடம் பெயரும். மூன்றாவது வழி, அடுக்கில் ஒரு பட்டையைக் கூடுதலாகச் சேர்ப்பது. வண்டி உயரும், பாரமும் தாங்கும், வெறும் வண்டியாகப் போகும்போது மட்டும் இடுப்பு கொஞ்சம் நோகும். நாள்தோறும் பாரம் ஏற்றுகிறவருக்கு இது பொருத்தம். பாரமே ஏற்றாதவருக்கு வளைவு கூடிய புதிய அடுக்கே ஏற்றது. ஆகவே, எந்த ஸ்பிரிங் என்று கேட்பதற்கு முன், வண்டியில் எப்போதும் எத்தனை கிலோ இருக்கும் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முன்னால் இரும்பு பம்பரும் வின்சும் மாட்டுகிறவர்கள் அவற்றின் எடையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வின்சு மட்டுமே முப்பது நாற்பது கிலோ இருக்கும்.

அப்சார்பர் வாங்கும்போது இரண்டு நீளங்களைக் கேளுங்கள்: முழுவதும் விரிந்த நீளம், முழுவதும் சுருங்கிய நீளம். விரிந்த நீளம் போதாவிட்டால், சக்கரம் இறங்கும்போது அப்சார்பர் இழுபட்டு அறும். சுருங்கிய நீளம் அதிகமானால், சக்கரம் ஏறும்போது அது அடியில் முட்டி வளையும். "நீளமானது நல்லது" என்று கடைக்காரர் சொன்னால் மட்டும் போதாது. அளந்து பார்க்க வேண்டும்.

இனி, உயர்த்துபவர்கள் மறந்துவிடும் சிறு உறுப்புகள் உண்டு. அவற்றின் விலை குறைவு. அவற்றை மறப்பதன் விலை பெரிது.

முதலாவது பிரேக் குழாய். உடலிலிருந்து அச்சுக்குப் போகும் ரப்பர்க் குழாய், சக்கரம் முழுவதும் தொங்கும்போது இழுபடாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வண்டி சமதரையில் நிற்கும்போது பார்த்தால் தெரியாது. இரண்டாவது, பாரம் ஏற்றும் பிக்கப் வண்டிகள் பலவற்றில் பின் அச்சுக்கு மேலே உள்ள சிறு வால்வு. அதிலிருந்து ஒரு கம்பி அச்சுக்கு வரும். பின்பக்கம் பாரத்தால் தாழ்ந்தால், அந்த வால்வு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் கொடுக்கும். உயர்ந்திருந்தால், வண்டி காலி என்று கருதி அழுத்தத்தைக் குறைத்துவிடும். நாம் வண்டியை உயர்த்திவிட்டு இந்தக் கம்பியைச் சரிசெய்யாவிட்டால் என்ன ஆகும்? நானூறு கிலோ பாரத்தோடு இறக்கத்தில் வரும்போதும் அந்த வால்வு வண்டி காலியென்றே நினைத்துக்கொண்டிருக்கும்! பின் பிரேக் பாதி வேலைதான் செய்யும். உயர்த்தித் தரும் பட்டறைகளில் இந்தக் கம்பியைத் தொடாமலே வண்டியைத் திருப்பிக் கொடுப்பவை உண்டு. நீங்களே கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது சக்கர அலைன்மெண்ட். அன்றே செய்ய வேண்டும். இல்லையேல் புது டயர் ஒருபக்கமாகத் தேயும். ஜிம்னி போன்ற, முன்னும் பின்னும் முழு அச்சு உள்ள வண்டிகளில், அச்சைப் பக்கவாட்டில் பிடிக்கும் தண்டு ஒன்று உண்டு. உடலை உயர்த்தினால் அந்தத் தண்டு அச்சை ஒரு பக்கமாக இழுக்கும். ஸ்டீரிங்கும் நிலைகொள்ளாமல் அலையும். அதற்கேற்ற திருத்தச் சாமான்களையும் சேர்த்தே விலை கணக்கிட வேண்டும். நான்காவது முகப்பு விளக்கு. உயர்ந்த வண்டியின் விளக்கு எதிரே வருகிற மோட்டார் சைக்கிள்காரரின் கண்ணில் அடிக்கும். அதைத் தாழ்த்த ஒரு திருப்புளி போதும்.

எவ்வளவு உயரம் என்ற கேள்விக்கு வருவோம். சக்கரங்களுக்கிடையே அகலம் 1500 மில்லிமீட்டர், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 700 மில்லிமீட்டர் உள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். அகலத்தில் பாதியான 750ஐ 700ஆல் வகுத்தால் 1.07 வருகிறது. ஈர்ப்பு மையம் 750க்கு ஏறினால் அது 1.00. 800க்கு ஏறினால் 0.94. இந்த எண் குறையக் குறைய வண்டி எளிதில் சாயும் என்று பொருள். கரையோரச் சரிவில் செல்லும்போதும், நெடுஞ்சாலையில் எதிர்பாராமல் ஸ்டீரிங்கை ஒடிக்கும்போதும் இந்தச் சிறு எண்ணே உயிரைக் காக்கிறது. உயரமான பானையைத் தலையில் சுமந்து வருபவர் எத்தனை நிதானமாகத் திரும்புகிறார் என்பதை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா? அந்த நிதானத்தை வண்டியிடம் எதிர்பார்க்க முடியாது. அதை ஓட்டுகிறவரிடம்தான் எதிர்பார்க்க வேண்டும்.

இப்போது பணத்துக்கு வருவோம். குறைந்த பணத்தில் செய்கிறவர் எந்த வரிசையில் செலவிட வேண்டும்?

முதலில் தேய்ந்தவற்றைச் சரிசெய்யுங்கள். ரப்பர் புஷ்கள், பால் ஜாயிண்டுகள், பிரேக்கு: இவை ஆடிக்கொண்டிருக்கும்போது வண்டியை உயர்த்துவது, அடித்தளம் பிளந்த வீட்டுக்கு மாடி கட்டுவது போன்றதாகும். இரண்டாவது, நல்ல டயர். மூன்றாவது, ஸ்பிரிங்கும் அப்சார்பரும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி, முடிந்தால் ஒரே தயாரிப்பாளரிடமிருந்து. கையில் பணம் போதாவிட்டால், முன்பக்கம் ஒரு மாதம் பின்பக்கம் ஒரு மாதம் என்று செய்வதைவிட, இரண்டுக்கும் சேர்த்துக் காத்திருப்பது நல்லது. வின்சு, விளக்கு, ஸ்டிக்கர் எல்லாம் கடைசியில்.

பழைய சாமான் வாங்கலாமா? கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆஃப்கட் கடைகளுக்குக் குறைவில்லை. பட்டை ஸ்பிரிங் அடுக்கைப் பழையதாக வாங்கலாம். நடுப் போல்ட் துளையைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா, இடம் வலம் இரண்டும் ஒரே வளைவா என்று பார்க்க வேண்டும். சுருளையும் இணையாக நிறுத்தி அளந்து பார்த்து வாங்கலாம். ஆனால் அப்சார்பர், புஷ், யூ போல்ட், பிரேக் குழாய் ஆகிய நான்கையும் பழையதாக வாங்கக் கூடாது. யூ போல்ட் ஒருமுறை இறுக்கும்போதே நீண்டுவிடுகிறது. மறுமுறை அதே பிடிப்பு அதனிடம் இல்லை. புதிய யூ போல்ட்டையும் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் இறுக்க வேண்டும்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் நம் வண்டிகளுக்குப் பொருந்தும். வண்டியின் அமைப்பை மாற்ற விரும்புகிறவர்கள், பணம் கொடுப்பதற்கு முன்பே ஜே.பி.ஜே. அலுவலகத்தில் விசாரித்து, தேவையான ஒப்புதலைப் பெற்றுக்கொள்ள வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். மறைத்து வைத்த மாற்றம், விபத்துக்குப் பிறகு இழப்பீடு கேட்கும்போது தடையாகி நிற்கக்கூடும். அதுபோல, வனக் காப்பகத்துக்குள் வண்டியோடு போவதற்கு மாநில வன இலாகாவின் அனுமதி வேண்டும்.

செமினி இளைஞரிடம் திரும்புவோம். "தம்பி, வண்டியில் யார் யார் ஏறுவார்கள்?" என்று நாம் கேட்டோம். "வாரத்துல நாலு நாள் வாழைத்தாரு. மாசத்துக்கு ஒருக்கா அம்மாவைக் காஜாங் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவேன், முட்டிவலிக்கு" என்றார். சொல்லிவிட்டு அவரே சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு நாம் இருவருமாக ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தோம். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்காட்டின் விளிம்புவரை நான்கு பக்கமும் அளந்தோம். பின்பக்கம் வலப்புறம், இடப்புறத்தைவிட இரண்டு சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. பட்டைகள் தொய்ந்துபோயிருந்தன. ஒரு மூலையை அழுத்தி விட்டால் வண்டி மூன்று நான்கு முறை ஆடியது; அப்சார்பர் செத்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. அவர் வண்டி தாழ்வாக இருந்ததற்குப் பாதிக் காரணம் மூப்புத்தான்.

முடிவில் அவர் வாங்கியவை இவை: புஷ்கள் முழுவதும், நான்கு அப்சார்பர், பின்பக்கத்துக்கு நல்ல நிலையிலுள்ள பழைய பட்டை அடுக்கோடு ஒரு கூடுதல் பட்டை, புதிய யூ போல்ட்டுகள். முன்பக்கம் முறுக்குக் கம்பியை முக்கால் அங்குலம் மட்டும் ஏற்றினார். பிரேக் வால்வின் கம்பியைச் சரிசெய்யச் சொல்லிப் பக்கத்திலேயே நின்று பார்த்தார். பழைய நிலையைவிட வண்டி ஏறத்தாழ இரண்டு அங்குலம் உயர்ந்தது. மூவாயிரத்தில் மிச்சம் இருந்ததைக் கொண்டு, கதவுக்குக் கீழே ஒரு கால்படி பொருத்திக்கொண்டார். அது அம்மாவுக்காக.

அதற்குப் பின் நல்ல மழை பெய்த ஒரு நாளில் அவரைப் பார்த்தோம். சேறு அப்பிய வண்டியில் வாழைத்தார்கள் நிறைந்திருந்தன. "நாலு அங்குலம் தூக்கலியேன்னு வருத்தமா?" என்று கேட்டோம். "மேடு ஏறிடுச்சு அண்ணே. இறங்குறப்பவும் நான் சொன்ன இடத்துல நின்னுச்சு" என்றார்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஓர் ஆசை இருந்தால் அதைத் தடுக்க வேண்டாம். ஆனால் சாமான் கடைக்குப் போகுமுன் ஓர் அளவு நாடாவையும் ஒரு தாளையும் எடுத்துக்கொண்டு வண்டியருகே உட்காருங்கள். நான்கு மூலைகளின் உயரம், ஏற்றும் பாரம், ஏறுகிற ஆட்கள், கையிலுள்ள பணம் ஆகிய நான்கையும் எழுதுங்கள். எந்தச் சாமான் வேண்டும் என்பதைப் பெரும்பாலும் அந்தத் தாளே சொல்லிவிடும்.